கிருமியும் பற்குச்சியும்: பற்சொத்தைக்கான தாவர மருந்துகளின் சொல் வரலாறு

0. முன்னுரை

பல்நோய்க்குத் தாவரங்களை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் இந்தியாவில் மிகத் தொன்மையானது. வேப்பங்குச்சி, கருவேலங்குச்சி, ஆலம்விழுது, மகிழம்பட்டை, கருங்காலி, இலவங்கம், அதிமதுரம் முதலியன இன்றும் வழக்கில் உள்ளன. பற்சொத்தைக்குக் காரணமான பாக்டீரியாக்களின்மீது இவற்றுள் சில எவ்வாறு செயற்படுகின்றன என்பதை அண்மைக்கால ஆய்வுகள் ஓரளவு விளக்கியுள்ளன. பழைய மருத்துவ நூல்களின் செய்திகளையும் புதிய ஆய்வு முடிவுகளையும் இணைத்துத் தரும் கட்டுரைகளும் நல்வாழ்வுக் கையேடுகளும் இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவருகின்றன. இவற்றுள் பல, வடமொழியிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து பிற இந்திய மொழிகளுக்கும் பெயர்க்கப்பட்டவை.

இத்தகைய எழுத்துகளில், பண்டைய மருத்துவர் பாக்டீரியாவை அறிந்திருந்தனர் என்றும், அதனைக் கொல்லும் தாவரங்களையே பற்குச்சியாகத் தேர்ந்தனர் என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. இக்கருத்து பெரிதும் 'கிருமி' என்னும் ஒரு சொல்லையே சான்றாகக் கொண்டது. நூல்களில் அச்சொல் உண்டு என்பது உண்மை. அச்சொல்லுக்கு அன்று இருந்த பொருளும் இன்று இருக்கும் பொருளும் ஒன்றா என்பதே ஆராயத்தக்கது.

பற்சொத்தைக்கான தாவர மருந்துகளைப் பற்றிய செய்தி ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லுகையில் மூன்று இடங்களில் பொருள் பிறழ்கிறது. நோய்க் காரணியின் பெயர், தாவரத்தின் பெயர், மருந்தின் செயலைக் குறிக்கும் வினைச்சொல் என்பன அவை. இம்மூன்றையும் வரலாற்று முறையில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பல்லைத் துளைக்கும் புழு

1.1 இந்திய மொழிகளின் பேச்சு வழக்கில் சொத்தைப்பல்லைக் குறிக்கும் தொடர்கள் பலவற்றில் புழுவோ பூச்சியோ இடம்பெறுகிறது. இந்தியில் பல்லில் 'கீடா' இருப்பதாகக் கூறுவர். வங்காளத்தில் அது 'போகா'. மராத்தியில் பல் சொத்தையாவதைக் குறிக்கும் 'கிடணே' என்னும் வினை, பூச்சியைக் குறிக்கும் 'கீட்' என்னும் பெயரோடு தொடர்புடையது. கன்னடத்தின் 'ஹுளுகு ஹல்லு' என்பதில் புழுவைக் குறிக்கும் 'ஹுளு' உள்ளது. மலையாளத்தில் 'புழுப்பல்லு' என்பது வழக்கு. தமிழில் 'பூச்சிப்பல்' என்னும் வழக்கு உண்டு. 'சொத்தை' என்னும் சொல்லும் பூச்சி அரித்த கத்தரிக்காய்க்கும் உள்ளீடு கெட்ட கொட்டைக்கும் பல்லுக்கும் பொதுவாக வழங்குவது நோக்கத்தக்கது.

இவ்வுருவகம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. சப்பானிய மொழியில் சொத்தைப்பல்லைக் குறிக்கும் 'முஷிபா' என்னும் சொல்லுக்குப் பூச்சிப்பல் என்பதே நேர்ப்பொருள். செருமானியர் 'ட்சான்வுர்ம்', அதாவது பற்புழு என்றனர். மெசொப்பொத்தேமியாவின் ஆப்பெழுத்துப் பலகை ஒன்றில், புழு தேவர்களிடம் சென்று பல்லுக்கும் ஈறுக்கும் இடையே தனக்கு உறைவிடம் வேண்டிய கதை, பல்வலி நீக்கும் மந்திரமாக இடம்பெறுகிறது. மரத்திலும் பழத்திலும் புழு துளைத்த துளையைக் கண்ட மக்கள் பல்லில் உள்ள துளைக்கும் அதே காரணத்தைக் கற்பித்தது இயல்பே. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகளிலும் இதே பெயரீடு காணப்படுவதால் இதனை ஒரு மொழியிலிருந்து மற்றொன்று பெற்ற கடனாகக் கொள்ள வேண்டியதில்லை.

1.2 வடமொழியின் 'க்ருமி' என்னும் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் புழு. பாரசீகத்தின் 'கிர்ம்', லித்துவேனியத்தின் 'கிர்மிஸ்' ஆகிய இனச்சொற்களும் புழுவையே குறிக்கின்றன. தமிழில் 'கிருமி' என வழங்கியபோதும் இப்பொருளே நிலவியது. வைணவ மரபில் 'கிருமிகண்ட சோழன்' என ஒரு மன்னன் பெயர் வழங்குகிறது. கழுத்தில் புழு வைத்த புண்ணை உடையவன் என்பது அப்பெயரின் பொருள். இங்குக் கிருமி என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் அன்று. அருவருப்புத் தரும் வகையில் கண்ணுக்குத் தெரியும் புழுவே. ஆயுர்வேத நூல்களில் 'க்ருமிக்ன' எனப்படும் வாய்விளங்கம் முதன்மையாகக் குடற்புழுவுக்கான மருந்து. இத்தொடரைக் 'கிருமிக்கொல்லி' எனத் தமிழில் பெயர்த்தால் இக்காலப் படிப்பாளர் அதனைப் பாக்டீரியாக் கொல்லி என்றே கொள்வர். சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. வடிவம் ஒன்றாகவே இருப்பதால் இப்பிழை மொழிபெயர்ப்பாளரின் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

2. பற்குச்சியும் சுவைவழித் தேர்வும்

2.1 பல் துலக்கும் குச்சிக்குப் பழைய இந்தியாவில் மூன்று பெயர்கள் வழங்கின. 'தந்தகாட்டம்' என்பது பல்லுக்குரிய மரக்குச்சி. 'தந்ததாவனம்', 'தந்தபவனம்' என்பன பல்லைத் தூய்மை செய்வது என்னும் பொருளன. பாலி மொழியில் இவை 'தந்தகட்ட', 'தந்தபோண' என வழங்கின. இந்தியில் இன்று வழங்கும் 'தாதுன்' என்பதும் இச்சொற்களின் வழிவந்ததே.

பௌத்த விநய நூலாகிய சுல்லவக்கம், துறவியர் பற்குச்சி பயன்படுத்தாமையால் விளையும் குறைகள் ஐந்தினைக் கூறுகிறது. கண்ணுக்கு நன்றன்று, வாய் நாறும், சுவை நரம்புகள் தூய்மையடையா, பித்தமும் கபமும் உணவை மூடும், உணவு சுவைக்காது என்பன அவை. குச்சியின் நீளம் எட்டு விரலுக்கு மிகாமலும் நான்கு விரலுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும் என்றும் அந்நூல் வரையறுக்கிறது. இவ்வைந்தனுள் பற்புழு இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

2.2 மருத்துவ நூல்களிலும் இந்நிலையே காணப்படுகிறது. சரக சங்கிதை பற்குச்சியின் பயனாக வாய்நாற்றம் நீங்குதல், சுவையின்மை நீங்குதல், பல் நாக்கு ஆகியவற்றின் அழுக்கு அகலுதல் ஆகியவற்றைக் கூறுகிறது. நாள்தோறும் இருமுறை துலக்குமாறு பணிக்கிறது. குச்சிக்கு உரியனவாகப் புன்கு, அலரி, எருக்கு, மல்லிகை இனத்தைச் சேர்ந்த மாலதி, மருது, வேங்கை இனத்தைச் சேர்ந்த அசனம் ஆகியவற்றைச் சுட்டுகிறது. வாக்படரின் அட்டாங்க இருதயத்தில் எருக்கு, ஆல், கருங்காலி எனப்படும் கதிரம், புன்கு, மருது ஆகியன இடம்பெறுகின்றன. ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதியாகக் கூறும் தமிழ்ப் பழமொழியின் முதற்பாதி வாக்படரின் பட்டியலோடு ஒத்துப்போகிறது. பழமொழியில் உள்ள 'வேல்' கருவேலமரத்தைக் குறிக்கும். இதனை வேம்பு எனக் கொண்டு பொருள் கூறுவாரும் உளர்.

2.3 சுசுருத சங்கிதையே இத்தேர்வின் அடிப்படையை வெளிப்படையாக உரைக்கிறது. குச்சி பன்னிரண்டு விரல் நீளமும் சுண்டுவிரல் பருமனும் கொண்டதாய், கணுவும் துளையும் அற்றதாய் இருத்தல் வேண்டும். கைப்பு, துவர்ப்பு, இனிப்பு, கார்ப்பு என்னும் நான்கு சுவைகளுள் பொருந்துவதைத் தேர்தல் வேண்டும். கைப்பில் வேம்பும், துவர்ப்பில் கதிரமும், இனிப்பில் இலுப்பையும், கார்ப்பில் புன்கும் சிறந்தவை என்பது அந்நூலின் கூற்று.

இங்குத் தாவரத் தேர்வின் மொழி சுவையின் மொழியாகும். நோயை உண்டாக்கும் உயிரியை முன்னிறுத்தி எத்தாவரமும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. இவ்வகைப்பாட்டைப் பெயர்ப்பதிலும் ஓர் இடர் உண்டு. வடமொழியில் 'திக்த' என்பது கைப்பு. 'கடு' என்பது கார்ப்பு. ஆனால் 'கடுக' என்பதன் வழிவந்த இந்திச் சொல்லாகிய 'கட்வா' இன்று கைப்பையே குறிக்கிறது. மராத்தியின் 'கடூ' என்பதும் அவ்வாறே. எனவே, இந்தி வாயிலாகச் சுசுருதரைத் தமிழாக்குவோர் விழிப்பின்றி இருப்பின் புன்கின் சுவை வேம்பின் சுவையாக மாறிவிடும். நான்கு சுவைகள் மூன்றாகக் குறைந்துவிடும்.

3. கிருமிதந்தகம்

3.1 கிருமி என்னும் சொல் சுசுருத சங்கிதையில் வேறோர் இடத்தில் வருகிறது. பற்களின் நோய்கள் எட்டு என வகுக்கும் அந்நூல், அவற்றுள் ஒன்றைக் 'கிருமிதந்தகம்' என்கிறது. பல்லில் கருந்துளை, ஆட்டம், கசிவு, வீக்கத்தோடு கூடிய கடும் வலி ஆகியன அதன் குறிகள். வருணனை இன்றைய பற்சொத்தையோடு பெரிதும் பொருந்துகிறது. பல்லின் வேர்ப்பகுதியாகிய ஈறு சார்ந்த நோய்களை அந்நூல் தனியே பிரித்திருப்பதும் அதன் நுண்மையைக் காட்டும்.

எனினும், இந்நோய்க்குக் கூறப்படும் மருத்துவம் பற்குச்சி அன்று. ஆடாத பல்லாயின் ஒற்றடம், கெட்ட நீர் வடித்தல், எண்ணெய்க் கொப்பளிப்பு, வாதம் நீக்கும் பச்சிலை விழுது ஆகியன. ஆடும் பல்லாயின் பிடுங்கி அவ்விடத்தைச் சுடுதல். துளையை வெல்லத்தாலோ மெழுகாலோ நிரப்பிச் சூட்டுக்கோலால் சுடுதலையும், ஏழிலைப்பாலை, எருக்கு ஆகியவற்றின் பாலால் துளையை நிரப்புதலையும் வாக்படர் கூறுகிறார். ஏழிலைப்பாலை, எருக்குப் பால் கிருமியால் வரும் வலியைப் போக்கும் என்பது அவர் கருத்து.

ஆகவே பழைய நூல்களில் இரு மரபுகள் தனித்தனியே இயங்கின எனலாம். ஒன்று, நாள்தோறும் செய்யும் தூய்மை. அதன் அடிப்படை சுவை. மற்றொன்று, வந்த நோய்க்குச் செய்யும் மருத்துவம். அதில் கிருமி ஒரு காரணம். இக்கால எழுத்துகள் இரண்டாவதில் உள்ள சொல்லை எடுத்து முதலாவதன் விளக்கமாக்குகின்றன. வேம்பைச் சுசுருதர் போற்றினார் என்பதும், கிருமிதந்தகம் என அவர் பெயரிட்டார் என்பதும் தனித்தனியே உண்மை. இவற்றை இணைத்துக் கிருமியை ஒழிக்கவே அவர் வேப்பங்குச்சியை விதித்தார் என்பது நூலில் இல்லாத கூற்று.

3.2 பல்லில் இருப்பது புழுவே என்னும் நம்பிக்கைக்குக் கண்கூடான சான்று போல அமைந்தது புகை மருத்துவம். கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு அப்புகையைச் சொத்தைப்பல்லில் படச் செய்வது இந்தியாவின் பல பகுதிகளில் வழங்கிய முறை. ஐரோப்பாவில் இதே முறையில் குரோசாணி ஓமம் எனப்படும் செடியின் விதை பயன்பட்டது. இரண்டும் கத்தரிக் குடும்பத்துச் செடிகள். ஐரோப்பிய வழக்கில், சூட்டில் வெடித்த விதைகளிலிருந்து வெளிப்படும் வெண்ணிற முளைக்கருவைப் பல்லிலிருந்து விழுந்த புழு என மக்கள் நம்பினர். நுண்ணோக்கி வல்லுநர் லேவன்ஹூக்கிடம் இவ்வாறு பல்லிலிருந்து புகையால் வெளிவந்ததாகக் கூறப்பட்ட புழுக்கள் அனுப்பப்பட்டபோது, அவை பாலாடைக்கட்டியில் தோன்றும் புழுக்களை ஒத்தவை என அவர் கண்டார். இவ்வாய்வு 1700-ஆம் ஆண்டு வெளிவந்தது.

4. ஒரு மொழிபெயர்ப்பும் இத்சிங்கின் மறுப்பும்

பற்குச்சி பற்றிய செய்தி இந்தியாவிலிருந்து சீனம் சென்ற வரலாறு மொழிபெயர்ப்பாளருக்குச் சிறப்பாகப் பயன்படுவது. தந்தகாட்டம் என்னும் சொல்லைத் தொடக்கக்காலச் சீன மொழிபெயர்ப்பாளர்கள் 'யாங்சி' எனப் பெயர்த்தனர். வில்லோ என்னும் நீரோர மரத்தின் கிளை என்பது அதன் பொருள். இந்தியப் பற்குச்சிக்கு நிகராகத் தம் நாட்டில் பரவலாகக் கிடைத்த ஒரு மரத்தின் பெயரை அவர்கள் இட்டனர்.

கி.பி. 671-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டு 695-இல் சீனம் மீண்ட துறவி இத்சிங் இதனை மறுத்தார். நாளந்தாவில் பல ஆண்டுகள் பயின்ற அவர், தம் பயண நூலில் பற்குச்சிக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். இந்தியாவில் வில்லோ மரம் அரிது என்றும், மொழிபெயர்ப்பாளர் அப்பெயரையே வழங்கிவந்தபோதிலும் நாளந்தாவில் தாம் நேரில் கண்ட புத்தரின் பற்குச்சி மரம் வில்லோ அன்று என்றும் அவர் எழுதினார். அவர் கையாண்ட சொல் 'பல்மரம்' என நேரே பொருள்படும் 'சிமு' என்பது. தந்தகாட்டம் என்பதன் இரு கூறுகளையும் அது அப்படியே தருகிறது. குச்சி பன்னிரண்டு விரலுக்கு மிகாமலும் எட்டு விரலுக்குக் குறையாமலும் இருக்கும் எனவும் அவர் குறிக்கிறார். பாலி விநயத்தின் அளவும் இதுவும் வேறுபடுதல், பௌத்தப் பிரிவுகளுக்கிடையே விதிகள் வேறுபட்டமையைக் காட்டும். இந்நூலைத் தகாகுசு 1896-இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்.

இத்சிங்கின் மறுப்பு வழக்கை மாற்றவில்லை. யாங்சி என்னும் சொல் சப்பானுக்குச் சென்று 'யோஜி' ஆயிற்று. பல் துலக்கும் கருவிக்கும் பின்னர்ப் பற்குத்திக்கும் அதுவே பெயராயிற்று. இன்று சப்பானியர் பற்குத்தியை 'த்சுமயோஜி' என்கின்றனர். இந்தியாவின் எந்தப் பற்குச்சி மரத்தோடும் தொடர்பில்லாத வில்லோ, ஒரு மொழிபெயர்ப்பின் விளைவாக இச்சொல்லில் நிலைபெற்றுவிட்டது. மருந்துப் பொருளின் பெயரைப் பெயர்க்கையில் மண்சார்ந்த நிகரனைத் தேடுவது எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இது தக்க சான்று.

5. தாவரப் பெயர்களில் நேரும் இடர்கள்

5.1 குறிலும் நெடிலும். சுசுருதர் இனிப்புச் சுவைக்குக் கூறிய தாவரம் 'மதூகம்', அதாவது இலுப்பை இனம். 'மதுகம்' எனக் குறிலாக ஒலித்தால் அது அதிமதுரம். ஓர் உயிரின் மாத்திரையே இங்குப் பொருள் வேறுபடுத்தும் கூறு. ஆங்கில நூல்களில் நெடிற்குறி இடாமல் அச்சிடும்போது இரண்டும் ஒரே வடிவம் பெறுகின்றன. அதிமதுர வேரில் பற்சொத்தைப் பாக்டீரியாவுக்கு எதிரான பொருள்கள் இருப்பது இன்று தெரிய வந்துள்ளதால், சுசுருதர் கூறியது அதிமதுரமே எனக் கொள்ளும் ஆவல் எழுவது இயல்பு. எழுத்துப்பெயர்ப்பில் நெடிலைக் காக்கத் தவறினால் வரலாறே மாறிவிடும். தமிழ் எழுத்து இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டவல்லது. ஆங்கிலம் வாயிலாகப் பெயர்ப்போர் மூலத்தை ஒப்புநோக்கினால் போதும்.

5.2 ஒரு பெயர், பல தாவரம். 'கருங்காலி' என்பது தமிழில் கதிரமாகிய கத்தக்காம்பு மரத்தையும் குறிக்கும்; மரவேலைக்குப் பயன்படும் கரிய வைரமுடைய மற்றொரு மரத்தையும் குறிக்கும். துவர்ப்புச் சுவையும் பல்மருந்தும் முன்னதற்கே உரியவை. ஆங்கிலத்தில் 'இந்தியன் லிகோரிஸ்' என வழங்குவது அதிமதுரம் அன்று, குன்றிமணிக் கொடி. அதன் விதை கொடிய நஞ்சு. இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் 'இந்திய அதிமதுரம்' எனப் பெயர்த்தால் நேரக்கூடிய தீங்கை விளக்க வேண்டியதில்லை.

5.3 அறிவியற் பெயரும் விலக்கன்று. வேம்பின் பேரினப் பெயராகிய 'அசாடிராக்டா', 'ஆசாத் திரக்த்' என்னும் பாரசீகத் தொடரிலிருந்து வந்தது. அத்தொடர் மலைவேம்பு இனத்துக்கும் வழங்கியது. 1753-இல் லின்னேயசு இரண்டையும் 'மீலியா' என்னும் ஒரே பேரினத்தில் அடக்கி, ஒன்றை 'அசெடராக்' என்றும் மற்றொன்றை 'அசாடிராக்டா' என்றும் வேறுபடுத்தினார். 1830-இல் வேம்பு தனிப் பேரினமாயிற்று. ஒரே மூலத்தொடரிலிருந்து பிறந்த இவ்விரு வடிவங்களும் எளிதில் மயங்கக்கூடியவை. 'மீலியா அசெடராக்' எனப்படும் இனத்தின் கனி நச்சுத்தன்மை வாய்ந்தது.

இந்தியப் பெயரே அறிவியற் பெயரான இடங்களும் உண்டு. ஈறு வலுப்பெறக் கொப்பளிக்கும் மகிழம்பட்டைக்குரிய மரத்தின் சிறப்பினப் பெயர் 'எலெங்கி'. இது மலையாளத்தின் 'இலஞ்ஞி'. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 'ஹோர்ட்டசு மலபாரிக்கசு' என்னும் நூல் தாவரப் படங்களோடு மலையாளப் பெயர்களையும் பதிவுசெய்தது. அப்பெயர்களுள் பல பின்னர் இலத்தீன் வடிவம் பெற்றன. பெயரோடு படத்தையும் பல எழுத்து வடிவங்களையும் தந்த அந்நூலின் முறை, இன்றைய கலைச்சொல் தொகுப்பாளருக்கும் ஏற்றதாகும்.

5.4 பட்டியலும் அறிவுரையும். சரகரின் பட்டியலில் உள்ள அலரி, இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. எருக்கம்பால் வாயையும் கண்ணையும் புண்ணாக்கும். பழைய நூலில் ஒரு தாவரம் இடம்பெறுதல் வரலாற்றுச் செய்தி. அதனைப் பயன்படுத்துமாறு கூறுதல் மருத்துவ அறிவுரை. வடமொழியில் விதிப்பொருளில் அமைந்த வினையைத் தமிழில் ஏவலாகப் பெயர்க்கும்போது முன்னது பின்னதாக மாறுகிறது. கையேட்டு மொழிபெயர்ப்பில் 'எனச் சரகர் கூறுகிறார்' என்னும் மேற்கோட் குறி விடுபடாமல் இருத்தல் வேண்டும்.

6. புழுவிலிருந்து நுண்ணுயிருக்கு

6.1 பல்லின்மேல் படியும் வெண்பொருளில் எண்ணற்ற சிற்றுயிர்கள் அசைவதை லேவன்ஹூக் 1683-இல் தம் மடல் ஒன்றில் விவரித்தார். ஆயினும் அவற்றைப் பற்சொத்தையோடு யாரும் அன்று தொடர்புபடுத்தவில்லை. பிரெஞ்சு நாட்டுப் பல்மருத்துவர் பியேர் ஃபொஷார் 1728-இல் வெளியிட்ட நூலில், நுண்ணோக்கியால் தேடியும் பற்புழுவைக் காண இயலவில்லை என எழுதினார். புழு மறைந்தது, அதன் இடத்துக்கு வேறொன்று உடனே வரவில்லை. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான மில்லர், 1890-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில், வாயிலுள்ள பாக்டீரியாக்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் நொதிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்குகின்றன என்றும் அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது என்றும் நிறுவினார்.

1924-இல் கிளார்க் என்னும் ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 'ஸ்ட்ரெப்டோகாக்கசு மியூட்டன்சு' எனப் பெயரிட்டார். உருண்டை வடிவிலிருந்து நீள்வட்டமாக மாறிக் காணப்பட்டமையால் 'மாறுவது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல் பெயராயிற்று. இது கரும்புச் சர்க்கரையிலிருந்து ஒட்டும் தன்மையுள்ள குளுக்கான் என்னும் பொருளை உண்டாக்கிப் பல்லில் பற்றிக்கொள்கிறது. பின்னர் அமிலத்தைச் சுரக்கிறது. 1960-இல் வெளிவந்த விலங்கு ஆய்வுகள் பற்சொத்தை தொற்றக்கூடியது என்பதை உறுதிப்படுத்தின. பல்லைத் துளைப்பது உயிரி அன்று. உயிரி உண்டாக்கும் அமிலம். புழு உருவகத்துக்கும் இக்கோட்பாட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

6.2 புதிய கோட்பாட்டுக்குச் சொல் தேடிய இந்திய மொழிகள் வெவ்வேறு வழிகளைப் பின்பற்றின. இந்தியின் 'கீடாணு' என்பதில் பூச்சியைக் குறிக்கும் 'கீடம்' அணுவோடு சேர்ந்து நிற்கிறது. பழைய உருவகம் சிறுத்துவிட்டதே ஒழிய மறையவில்லை. 1961-இல் நிறுவப்பட்ட அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் வழிவந்த இந்திக் கலைச்சொல் மரபில் பாக்டீரியா 'ஜீவாணு' எனப்படுகிறது. இதில் உயிர் உண்டு, பூச்சி இல்லை. தமிழில் 'நுண்ணுயிரி' என்னும் ஆக்கச்சொல்லும் 'பாக்டீரியா' என்னும் கடன்சொல்லும் இணையாக வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'பற்றீரியா' என்னும் வடிவம் உண்டு.

இவற்றோடு 'கிருமி' என்னும் பழஞ்சொல் புதிய பொருளை ஏற்றுக்கொண்டது. 'நோய்க்கிருமி', 'கிருமிநாசினி' ஆகிய தொடர்களில் புழு என்னும் பொருள் எஞ்சவில்லை. இது பொருட்பெயர்ச்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு. வழக்கிலுள்ள சொல்லை எடுத்துக்கொண்டதால் பொதுமக்கள் புதிய கோட்பாட்டை எளிதில் ஏற்றனர் என்பது இதன் பயன். பழைய நூல்களைப் படிப்போர் புதிய பொருளை அவற்றின்மீது ஏற்றிப் படிக்க நேர்ந்தது இதன் விலை.

7. வினைச்சொல்: கொல்லுதலும் தடுத்தலும்

காரணி நுண்ணுயிரி எனத் தெளிந்தபின் தாவரங்கள் மீண்டும் ஆராயப்பட்டன. இவ்வாய்வு முடிவுகளைத் தமிழில் தரும்போது பெரும்பாலும் 'கிருமிகளைக் கொல்லும்' என்னும் ஒரே தொடர் ஆளப்படுகிறது. ஆய்வுகள் கூறுவதோ வேறு.

1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேப்பங்குச்சியின் நீர்ச்சாறு வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கசு இனங்களின்மீது சோதிக்கப்பட்டது. சோதித்த அளவுகளில் அச்சாறு அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. ஆனால் அவற்றைத் திரளச் செய்தது. எச்சில் படிந்த பற்கனிமப் பரப்பில் ஒட்டுவதைக் குறைத்தது. கரையாக் குளுக்கான் உருவாவதையும் குறைத்தது. எனவே அவ்வாய்வின் முடிவைத் தமிழில் தருபவர் 'கொல்லும்' என எழுதுவது பிழை. 'ஒட்டாமல் தடுக்கும்' என்பதே பொருந்தும். இத்தகைய ஒட்டுத்தடுப்பில் பங்குடையனவாகக் கருதப்படும் தானின் வகைப் பொருள்களே தாவரங்களின் துவர்ப்புச் சுவைக்கும் காரணம். பண்டையோர் நாவால் அறிந்து வகுத்த ஒரு சுவை, ஆய்வகத்தில் வேதிப்பொருளின் பெயரால் மீண்டும் அடையாளம் காணப்படுகிறது. அவர்கள் பாக்டீரியாவை அறியாமலேயே இத்தேர்வைச் செய்தனர் என்பது அவர்தம் அறிவுக்கு இழுக்கன்று.

அதிமதுரத்தின் நிலை வேறு. 2006-இல் வெளிவந்த ஆய்வில் பிரித்தெடுக்கப்பட்ட 'கிளிசிரைசால்' என்னும் சேர்மம் மியூட்டன்சு பாக்டீரியாவின் வளர்ச்சியை மிகக் குறைந்த அளவிலேயே தடுத்தது. இங்குப் 'பாக்டீரியா எதிர்ப்பு' என்னும் தொடர் பொருந்தும். ஆயினும் இரு வரையறைகள் தேவை. ஆராயப்பட்டது சீன அதிமதுர இனம்; ஆயுர்வேத நூல்களில் அதிமதுரம் எனக் கொள்ளப்படுவது பெரும்பாலும் அதன் உறவினம். ஆராயப்பட்டது பிரித்தெடுத்த சேர்மம்; கடையில் கிடைப்பது முழு வேர். வேரில் உள்ள கிளிசிரைசின் என்னும் இனிப்புப் பொருளை மிகுதியாக உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரும். தமிழில் இனமும் வேரும் சேர்மமும் 'அதிமதுரம்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால் மொழிபெயர்ப்பாளர் இவற்றைப் பிரித்துக் காட்டுதல் இன்றியமையாதது.

இலவங்க எண்ணெயின் யூஜினால் வலியை மரக்கச் செய்வது. பல்மருத்துவரும் அதனைப் பயன்படுத்துவர். வலி நின்றதைச் 'சொத்தை குணமாயிற்று' எனப் பெயர்த்தால் துளை ஆழமாகிப் பல்லின் உட்கூழ் வரை செல்லும் வாய்ப்பு உண்டு. துளையாகிவிட்ட பல்லை எத்தாவரமும் மீண்டும் நிரப்புவதில்லை. வலி தணித்தல், ஒட்டாமல் தடுத்தல், வளர்ச்சியைத் தடுத்தல், கொல்லுதல், குணப்படுத்துதல் ஆகிய ஐந்தும் வெவ்வேறு வினைகள். பல்மருத்துவரை எளிதில் அணுக இயலாத ஊர்களில் இக்கையேடுகளே வழிகாட்டிகளாக இருப்பதால் இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

(அ) பழைய நூல்களில் 'கிருமி' என்பது புழுவைக் குறித்தது. அதனைப் பாக்டீரியா எனப் பெயர்ப்பது காலவழு. மூலநூலைப் பெயர்க்கும் இடத்தில் 'புழு' என்றோ, 'கிருமி' எனக் கொண்டு பொருட்குறிப்புத் தந்தோ எழுதுதல் தகும்.

(ஆ) பற்குச்சித் தாவரங்களின் தேர்வு சுவையை அடிப்படையாகக் கொண்டது. சுவைச்சொற்கள் மொழிதோறும் பொருள் வேறுபடுவதால் அவற்றை மூலத்தோடு ஒப்பிட்டே பெயர்த்தல் வேண்டும்.

(இ) தாவரப் பெயரைத் தரும்போது வழக்குப் பெயரோடு அறிவியற் பெயரும், பயன்படும் உறுப்பும், அப்பெயர் வழங்கும் வட்டாரமும் சேர்த்துத் தரப்படுதல் வேண்டும். மண்சார்ந்த நிகரனைக் காணும் முயற்சி இப்பொருளில் தவிர்க்கத்தக்கது.

(ஈ) ஆய்வு முடிவுகளைப் பெயர்க்கையில் வினைச்சொல்லே முதன்மையானது. சோதிக்கப்பட்டது சாறா, சேர்மமா, குச்சியா என்பதும், நிகழ்ந்தது எது என்பதும் சொல்லில் வெளிப்பட வேண்டும்.

வேம்பு, கருங்காலி, மகிழ், அதிமதுரம் ஆகியவற்றுக்கு இந்திய மொழிகள் அனைத்திலும் உள்ள பெயர்களையும், பற்சொத்தை சார்ந்த வினைத்தொடர்களையும் இம்முறையில் ஒருங்கே தொகுத்து ஓர் ஒப்பீட்டுச் சொல்லடைவு உருவாக்கப்படுமாயின், நல்வாழ்வுக் கையேடுகளைப் பெயர்ப்போருக்கும் சொல் வரலாற்றை ஆராய்வோருக்கும் அது ஒருங்கே பயன்படும்.